மில் சங்கும் அணைச் சங்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை மறந்துவிடுவேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் எரியோட்டுக்குப் பக்கம். ஊரை ஒட்டி ஆறு, கொஞ்சம் மேலே போனால் அணை. வருசத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றில் மணல்தான் கிடக்கும். நடுவே திட்டுத் திட்டாகப் புல் முளைத்திருக்கும். அங்கேதான் என் மூன்று வெள்ளாடுகளையும் ஓட்டிப் போவேன். கடிகாரம் கட்டிப் பழக்கமில்லை. சுற்றிலும் நூல் மில்கள், ஷிப்டு மாறும்போது சங்கு ஊதுவார்கள். இரண்டு மணிச் சங்கு ஊதினால் கஞ்சி வாளியைத் திறப்பேன். நான் மட்டுமில்லை, எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு அந்தச் சங்குதான் கடிகாரம்.

அணையில் ஷட்டரைத் தூக்கி இறக்குகிறவரை லஸ்கர் என்போம். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். ஷட்டர் தூக்குகிற சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டிருப்பார். நல்ல கனமான திண்டுக்கல் பூட்டு. தண்ணீரைக்கூட நம்மை நம்பித் திறந்து வைக்க மாட்டேன் என்கிறாரே என்று கேலி பேசுவோம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், அது தப்புத்தான்.

முன்பெல்லாம் தண்ணீர் திறந்தால் தண்டோரா போடுவார்கள். பிறகு அணையிலும் ஒரு சங்கு வைத்தார்கள். வைத்தது தெரியும், ஊதிக் கேட்டதில்லை. தண்ணீர் வந்தால்தானே ஊதுவார்கள்.

அந்த ஐப்பசியில் மலைப்பக்கம் இரண்டு நாள் விடாத மழை. எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை, வானம் மட்டும் மூடிக் கிடந்தது. மைக் கட்டிய ஆட்டோ ஊருக்குள் வந்து சொல்லிப்போனதாம். நான் அதற்கு முன்பே ஆட்டைப் பத்திக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டேன். வெயில் இல்லாததால் பொழுது தெரியவில்லை. அப்போது சங்கு ஊதியது. அதற்குள் இரண்டு மணியா என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து, மோர் மிளகாயைக் கடித்துக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

செத்த நேரத்தில் கரைமேல் ஓர் ஆள் துண்டை வீசுவது தெரிந்தது. என்னவோ கத்தினார், காற்றில் விளங்கவில்லை. யாரோ ஆம்பளை யாரையோ கூப்பிடுகிறார் என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். என் கூச்சமே என்னைக் கொண்டுபோயிருக்கும்.

அவர் மணலில் இறங்கி ஓடி வந்தார். லஸ்கர்தான். மூச்சு வாங்கியது.

“ஆத்தா, எந்திரி. கஞ்சியக் கரையில குடிச்சுக்கலாம். தண்ணி தொறக்கப் போறோம்.”

எந்த நொடியில் தண்ணீர் வருமோ என்று அணைப்பக்கமே பார்த்தேன். அதைப் புரிந்துகொண்டு அவர் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

“பயப்படாத. சக்கரத்தப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். சாவி இங்க இருக்கு. நா மேல போற வரைக்கும் யாரும் தூக்க முடியாது.”

அந்தப் பூட்டு எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சினை ஆட்டை அவரே தோளில் தூக்கிக்கொண்டார். சட்டைப்பையில் போன் அடித்தபடி இருந்தது. எடுத்து, “ஆத்துக்குள்ள இன்னும் ஒரு ஆளு இருக்குங்க. ஏத்திவிட்டுட்டுத்தான் தூக்குவேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். கரையேறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு அணைக்குப் போனார். நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை, வாய் வரவில்லை. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, செந்தண்ணீர் முள்ளும் மரமுமாகப் புரண்டு வந்தது. நான் உட்கார்ந்திருந்த திட்டு எங்கே என்றே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு அணையைப் பார்க்கிற இஞ்சினியரம்மா வந்தார். லஸ்கரும் கூட நின்றார். அணைக்குள் வருகிற தண்ணீரை அந்தந்த நேரம் தள்ளிவிடாவிட்டால் அணைக்கே ஆபத்து, தேக்குவது மட்டும் அணையின் வேலையில்லை என்று அந்த அம்மா பொறுமையாகவே சொன்னார். சங்கு ஊதியும் ஆற்றில் ஆள் இருந்ததாக இவர் சொல்கிறார், சங்கைக் கேட்டும் யாராவது உட்கார்ந்திருப்பார்களா, தாமதமாகத் தூக்கியதற்கு இவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றார். லஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் கைகாட்டவில்லை. பாவம், இந்தப் பாட்டியைச் சபையில் நிறுத்த வேண்டாமென்று நினைத்தாரோ என்னவோ.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மனுசன் வேலைக்கு என்ன ஆகும்? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தேன்.

“நாந்தான் உக்காந்திருந்தேங்க. சங்கு கேட்டுச்சு. மில்லுச் சங்குன்னு நெனச்சுட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவள், “இன்னுஞ் செத்த நேரம் இருந்திருந்தா ஒனக்கே ஊதியிருப்பாக மதினி” என்றாள். இஞ்சினியரம்மா சிரிக்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, எனக்கும் ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் கேக்கும் என்றாள். இன்னொருத்தியும் ஆமாம் என்றாள். அந்த அம்மா வெளியூர்க்காரர். மில் சங்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். லஸ்கரைப் பார்த்து, “ஆள் பாத்துட்டுத் தூக்குனது சரிதாங்க” என்றார். அவர் நிமிர்ந்தார்.

அதற்குப் பிறகு அணைச் சங்கை விட்டு விட்டு ஊதுகிறார்கள். மில் சங்கு ஒரே நீட்டு. இப்போது பச்சைப்பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். அவர் அன்றைக்கு இறங்கி வந்ததால்தான் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்லாத நன்றியை இங்கே எழுதிவிட்டேன்.

விட்டு விட்டு மூன்று தடவை ஊதுவதாக எனக்கு ஞாபகம், நான்காகவும் இருக்கலாம். என் ஞாபகத்தை நம்பி யாரும் ஆற்றில் இறங்கிவிடக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அணைக்குப் போய், லஸ்கரிடம் சரியாகக் கேட்டு, தப்பென்றால் திருத்தி எழுதிவிடுங்கள்.