எடை பார்க்காத மாதங்கள்

கர்த்தர் அளந்து தந்த எழுபது ஆண்டுகளை முடித்துக்கொண்டு எங்கள் அம்மா இளைப்பாறப் போய் ஓராண்டு ஆகிறது. இரணியலுக்கு அருகே கூலித் தொழிலாளி வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவர்கள். தேங்காய்ப்பட்டணம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, அப்பா சீக்கிரமே தவறிவிட, பால்வாடி டீச்சர் வேலையை வைத்தே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார்கள். கோபம் சட்டென்று வரும். அதைவிடச் சட்டென்று இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. மற்ற நல்ல குணங்களைத் தம்பி இந்த நினைவு மலரின் அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறான்.

குளத்துக்கு அக்கரையில் காலனி. அங்கிருந்த லீலா அக்கா அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர். நாளெல்லாம் கையில் முந்திரிப்பருப்பு. ஒன்றை மடியில் வைத்தாலும் கேட்டில் சோதனை. வீட்டில் அவருடைய இரண்டு வயது மகள் அபிக்குப் பாலில்லாத கட்டன்சாயாவும் ரஸ்க்கும்தான். பால்வாடியில் கொடுத்த சத்துமாவு பெரிய வீடுகளில் பசுவுக்குப் போனது. லீலா அக்கா வீட்டில் அதே பாக்கெட்டை நான்கு பிள்ளைகள் பங்கிட்டார்கள்.

மாதம் ஒருமுறை எடை பார்க்கும் நாள். அபிக்கு எடை குறைவு. "முட்ட குடு, பயறு குடு" என்று அம்மா சத்தம் போட, லீலா அக்கா சிரித்தார்.

"சொல்லுதுக்கு எளுப்பம் டீச்சரே. இன்னைக்கு லீவு போட்டதுக்கே நாளைக்கு மேஸ்திரி உள்ள ஏத்துவாரோ என்னவோ."

அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. "இனி பிள்ளைய தூக்கிட்டு அலையாண்டாம் மக்களே. நீ வேலைக்குப் போ. எடைய நான் எழுதிக்கிடுதேன்."

அன்றிலிருந்து அபியை யாரும் தராசில் வைக்கவில்லை. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கையெழுத்து நன்றாயிருக்கும் என்று பதிவேட்டையும் அபியின் எடை அட்டையையும் அம்மா என்னிடம் தருவார்கள். "ஏட்டி, போன மாசத்துக்கு இருநூறு கிராம் கூட்டிப் போடு." போட்டேன். ஏழு மாதம் போட்டேன். அட்டையில் அபி ஒழுங்காக வளர்ந்தாள். ஒழுங்காக வளரும் பிள்ளையைத் தேடி எந்த நர்ஸ் வருவார்?

மழைக்காலத்தில் வயிற்றோட்டம் கண்டது. இரண்டே நாள். ஆஸ்பத்திரியில், "இந்தப் பிள்ளைக்கு யாரும் எடை பார்க்கலையா?" என்று டாக்டர் கேட்டார். லீலா அக்கா அட்டையை நீட்டினார். "எங்க டீச்சர் மாசாமாசம் எழுதுவாவ." டாக்டர் அட்டையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அம்மா வாய் திறக்கவில்லை. அன்று மாலை அபி போய்விட்டாள்.

அதன்பிறகு அம்மா காலை ஐந்தரைக்கே தராசோடு காலனிக்குப் போய், பெண்கள் வேலைக்கு இறங்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் எடை போட்டார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு மாதமும் தவறவில்லை. ஊரே புகழ்ந்தது. எனக்குக் கேட்கவே கூசும்.

கடைசி ஆறு மாதம் நினைவு தடுமாறியது. தலையணையை இரு கையாலும் தூக்கித் தூக்கிப் பார்த்து, "எடை கூடேல்லியே ஏட்டி, கூடேல்லியே" என்பார்கள். கஞ்சி ஊட்டியதும் உடம்பு துடைத்ததும் லீலா அக்காதான். "தனக்க எடையச் சொல்லுதாவ, பாவம்" என்பார். நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். நினைவு தெளிந்த ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்தார்கள். "அவகிட்ட சொல்லணும் மக்களே. எனக்குத் தைரியம் இல்ல."

எனக்கும் இல்லை. ஓராண்டு ஓடிவிட்டது.

வைத்தியம் பார்த்த மருத்துவர்கள், ஜெபித்த சபையார், பெட்டி சுமந்த உறவினர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லீலா அக்காவுக்கு நன்றி என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்கு வாசிக்கவும் தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கு வருமுன், முதல் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போய் நானே இதை வாசித்துக் காட்டியிருப்பேன். நினைவுக் கூட்டத்தில் அவரைக் காணவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று யாரும் அவரைக் கேட்க வேண்டாம்.