அடுத்த வருஷம் எரியப்போகும் சூரியன்

சின்னவள் ஜெயித்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினால் பெரியவளுக்கு மூச்சு வாங்கும். முதலில் அந்த இடது கை. வெல்டிங் பயிற்சி நிலையத்தில் ஒட்டுவதற்கான ஒவ்வொரு தடுப்பறையும் வலது கைக்காரர்களுக்காகவே கட்டப்பட்டிருந்தது. கேபிள் வலப்பக்கம், மேசை வலப்பக்கம், திரைகூட வலப்பக்கம். சின்னவள் எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்றுதான் தொழிலைக் கற்றாள். அதற்கும் முன்னால், பெண்கள் உடை மாற்ற அறை இல்லை என்று சொல்லி அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் கனத்த நீல அங்கியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, பேருந்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, போய் இறங்கி, "இப்ப நான் என்ன சார் மாத்தணும்?" என்று கேட்டாள். பிறகு தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒட்டும் தேர்வு. ஒட்டை எக்ஸ்ரே எடுத்ததில் மிளகளவு குமிழி தெரிந்து இரண்டு தடவை தோற்றாள். மூன்றாம் தடவை படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தேர்வாளர், "சுத்தமா இருக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அக்காவை ஜெயித்தாள். "கண்ணு அவிஞ்சு போகும்டி, வேண்டாம்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தவள் பெரியவள்தான். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம், "என் தங்கச்சி வெல்டர்" என்று கேட்காமலே சொல்கிறவளும் அவள்தான்.

இத்தனையையும் ஜெயித்தவளுக்குப் பிடி கொடுக்காமல் ஒன்றே ஒன்று நழுவிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேலை தரப்போகிற உலை வருமா, வராதா?

நகரத்தின் ஓரத்தில் வேலி போட்ட பெரிய மைதானம் ஒன்று இருந்தது. அங்கே அணுக்கரு இணைவு உலை வரப்போவதாகச் சொன்னார்கள். அணுவைப் பிளக்கிற உலை இல்லை, இரண்டு அணுவைச் சேர்க்கிற உலை. செய்தித்தளங்கள் அதற்குச் 'செயற்கைச் சூரியன்' என்று பெயர் வைத்தன. உலையின் பாத்திரத்தை ஒட்டுவதற்கு ஆள் தேர்வு நடந்தபோது, இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறையிலிருந்து போய்த் தேறியவள் சின்னவள் ஒருத்திதான். "கூப்பிடும்போது வாங்க" என்று அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு மைதானத்தில் பார்வையாளர் கூடம் வந்தது, வாகன நிறுத்தம் வந்தது, குழந்தைகளுக்குச் சறுக்குமரம்கூட வந்தது. உலை மட்டும் வரவில்லை.

பெரியவள் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தாள். கீழே கடை, மேலே வீடு. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சட்டத்தின் மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் பிரித்துவிடுவாள். உலை என்பது என்னவென்று புரிந்துகொள்ளவும் அதே பிடிவாதத்தோடு முயன்றாள்.

"சூரியனை எதுலடி வைப்பாங்க?"

"காந்தத்துலக்கா. எதையும் தொடாம நடுவுல மிதக்கும்."

"எதையும் தொடாதா?"

"தொட்டா அணைஞ்சுரும்."

"அப்ப நீ எதை ஒட்டப் போற?"

"அதைச் சுத்தி இருக்கிற பாத்திரத்தை."

"அதான் தொடவே தொடாதுங்கிறியே, பாத்திரம் எதுக்கு?"

சின்னவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "காத்து உள்ள போகக்கூடாதுக்கா. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் எல்லாம் வீண். அதுக்குத்தான் நான்."

மற்றது எதுவும் புரியாவிட்டாலும், 'அதுக்குத்தான் நான்' என்றது மட்டும் பெரியவளுக்கு நன்றாகப் புரிந்தது.

முதல் செய்தி வந்த அன்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லி அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வாங்கினாள். வளையம் போன்ற பெரிய இயந்திரம், அதன் முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். கீழே, 'செயற்கைச் சூரியன் அடுத்த ஆண்டு ஒளிரும்' என்ற தலைப்பு. நல்ல மரத்தில் சட்டம் போட்டு மாட்டினாள். சில மாதம் கழித்து இன்னொரு தளத்தில் செய்தி வந்தது. அதற்கும் சட்டம் போட்டாள். மூன்றாம் வருஷம் மூன்றாவது செய்தி வந்தபோதும் விடவில்லை. படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கத்தியை வைத்தாள். எழுந்து போய்ச் சுவரில் இருந்த இரண்டையும் பார்த்தாள். அதே மஞ்சள் தொப்பி, உயர்த்திய அதே கை.

"அண்ணே, இங்க வாங்களேன்! மூணு வருஷமா இந்த ஆளு கையைக் கீழயே இறக்கலை."

ஜெராக்ஸ்காரர் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பாவம், பஸ்ஸை நிறுத்தச் சொல்றாரோ என்னவோ."

அன்றிலிருந்து அவருக்குப் பொழுது போனது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்னம்மா, தங்கச்சி சூரியன் உதிச்சிருச்சா?" என்பார். பெரியவளும் விடமாட்டாள். "உதிச்சா உங்க கடைக்குத்தான் முதல் கரண்ட். இருக்கிற ஒரு மெஷினாவது ஒழுங்கா ஓடட்டும்."

வாய் இப்படிப் பேசினாலும் உள்ளுக்குள் அவள் ஒரு கணக்கு வகுத்துக்கொண்டாள். செய்தித்தளங்கள் அரைத்த மாவையே அரைக்கின்றன. தேதியை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். ஆகவே தேதியை நம்பக்கூடாது, படத்தைத்தான் நம்ப வேண்டும். படம் பழசென்றால் செய்தியும் பழசு. படச்சட்டக்காரிக்கு இதைவிட நல்ல வழி வேறென்ன தோன்றும்? சின்னவளும் அதை ஏற்றுக்கொண்டாள். எந்தச் செய்தி வந்தாலும், "தொப்பி இருக்காக்கா?" என்று கேட்பாள். "இருக்கு" என்றால் படிக்காமலே போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் கொதிகலன் தொழிற்சாலை சின்னவளைக் கூப்பிட்டது. நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் இரண்டு வருஷத்துக்கு வேறெங்கும் போகமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சேராமல் காத்திருக்கலாம் என்றால் வேறொரு சிக்கல். கனமான எஃகை ஒட்டும் தேர்ச்சி, ஆறு மாதம் அந்த வேலை செய்யாவிட்டால் காலாவதியாகிவிடும். அதற்காகவே அவள் விடுமுறை நாளில் பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தகடாவது ஒட்டிவிட்டு வருவாள். அந்த நிலையத்தையும் சீக்கிரம் மூடப்போவதாகப் பேச்சு. கொதிகலனுக்குப் போனால் உலை போய்விடும். உலைக்குக் காத்திருந்து அது வராமல் போனால் கையில் இருக்கும் தேர்ச்சியும் போய்விடும்.

புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. 'உலைப் பாத்திரத்தின் பற்றவைப்புப் பணி அடுத்த மாதம், தேர்வானவர்களுக்கு அழைப்பு.'

"தொப்பி இருக்கா?" என்று மாடிப்படியிலிருந்தே கேட்டாள் சின்னவள்.

பெரியவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இருக்குடி. கையும் மேலதான் இருக்கு."

"சரி, விடு."

வியாழக்கிழமை வேறொரு தளத்தில், 'இணைவு உலைத் திட்டம் நிறுத்தம்' என்றிருந்தது. அதில் தொப்பிக்காரரைக் காணோம். மழையில் நனைந்த வேலியும் சாய்ந்து கிடந்த ஒரு பலகையும்தான் இருந்தன. இதுவரை பார்க்காத படம். பெரியவள் கணக்குப்படி படம் புதுசென்றால் செய்தியும் புதுசு.

"கொதிகலனுக்கே போயிரு. நின்னு போச்சுன்னு போட்டுட்டாங்க."

"நேத்து ஆரம்பிக்கப் போகுதுன்னு போட்டாங்களே."

"அது பழசு."

"ஒருவேளை இது பழசா இருந்தா?"

"படம் புதுசுடி!"

சின்னவள் திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, அக்காவுக்கும் கேட்கும்படி வைத்தாள். எடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்கு இன்னும் எதுவும் சொல்லலை மேடம். நிறுத்திட்டாங்கன்னா எந்த சைட்ல பார்த்தீங்க? அந்த லிங்கை எனக்குக் கொஞ்சம் அனுப்புறீங்களா?"

பெரியவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடையை நடத்துகிறவர்களே தங்கள் கடை திறந்திருக்கிறதா என்று தெருவில் போகிறவனைக் கேட்டால் எப்படி? "வா, நேர்லயே போய்ப் பார்த்துருவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் பேருந்தில் போனார்கள். பார்வையாளர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு உலை. பொத்தானை அழுத்தினால் நடுவில் ஊதா விளக்கு எரிந்தது. விளக்கம் சொல்ல ஆள் இல்லை. வெளியே வந்து வேலியோரமாக நடந்தபோது காவலாளி எதிரே வந்தார்.

"உள்ள வேலை நடக்குதாண்ணே?" என்று கேட்டாள் பெரியவள்.

"நடக்குதும்மா."

பெரியவள் முகம் மலர்ந்தது. "என்ன வேலை?"

"வேலி வேலை. பழசு துருப்பிடிச்சிருச்சு, புதுசு போடுறாங்க."

உலை வரும் முன்னே வேலிக்கு வயசாகிவிட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பதா, உட்கார்ந்து அழுவதா என்று பெரியவள் நின்றாள். சின்னவள் அவர்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. கம்பி வேலிக்குள் மூக்கை நுழைத்துத் தூரத்துக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஆர்கான் சிலிண்டர்தானேண்ணே?"

"காத்து சிலிண்டர்னாங்க. முந்தாநாள் ஒரு லாரி வந்து இறக்கிட்டுப் போச்சு. எதுக்குன்னு நமக்கென்னம்மா தெரியும்?"

"வேலி போடுறதுக்கு ஆர்கான் வேண்டாம்க்கா," என்றாள் சின்னவள். "நல்ல எஃகை ஒட்டும்போது காத்து படாம இருக்கத்தான் அது."

"அப்ப வேலை ஆரம்பிக்குதா?"

"தெரியலை. சும்மா வாங்கிப் போட்டிருக்கலாம். வேற எங்கயோ போக வேண்டியது இங்க இறங்கியிருக்கலாம்."

"ஒண்ணைத் தெளிவாச் சொல்லேன்டி!"

சின்னவள் போனை எடுத்தாள். கொதிகலன் தொழிற்சாலை மேலாளர் குரல் கேட்டதும், "மன்னிச்சிருங்க சார், நான் வரலை" என்றாள். அவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "காரணம் சரியாச் சொல்லத் தெரியலை சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்னடி பண்ணிட்ட?"

"எனக்கும் தெரியலைக்கா. அங்க உக்காந்துக்கிட்டு, இது ஆரம்பிச்ச செய்தியை என்னால படிக்க முடியாது."

"இது ஆரம்பிச்ச செய்தியைத்தான் அரை டஜன் தடவை படிச்சாச்சேடி!"

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பென்று நகர்ந்துபோனார். திரும்பும் பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. பாதி வழியில் பெரியவள் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

சில வாரம் கழித்து, சின்னவளின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவள்தான் எடுத்தாள். ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து, "நீங்க யாரு, எந்த ஊரு, யாரு நம்பர் கொடுத்தா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

"உலைத் திட்டத்துலருந்து பேசுறேம்மா. பற்றவைப்புக்குக் கூப்பிடுறோம். போன மாசமே செய்தியில வந்துச்சே, பார்க்கலையா?"

"பார்த்தோம். நம்பலை."

"ஏன்?"

"தொப்பி இருந்துச்சு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். "நிறுத்தியாச்சுன்னும் போட்டிருந்தாங்களே, அந்த மழைப் படத்தோட?"

"அது வேற ஊரு, வேற உலைம்மா."

புதுச் செய்திக்குப் பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். அவள் புதுசென்று நம்பிய படத்தில் இருந்ததோ வேறு எவருடைய வேலியோ. பெரியவள் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். நல்லவேளை, என் பேச்சை இவள் கேட்கவில்லை என்று நினைத்தபோது, பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அதோடாவது குழப்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. கூப்பிட்டது உலைக்கு இல்லை, உலைப் பாத்திரத்தின் மாதிரித் துண்டு ஒன்றுக்கு. அது சரியாக வந்தால்தான் மீதிக்கு அனுமதி. அனுமதி யார் கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். சின்னவள் எதையும் கேட்கவில்லை. தேர்ச்சி காலாவதியாகும் முன்பே கொட்டகைக்குள் போய்விட்டாள். ஆள் உயரத்துக்கு மேலான இரண்டு வளைந்த தகடுகள். அவற்றின் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடுதான் அவள் பங்கு. குடும்பத்தார் கறுப்புக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்றார்கள். பெரியவள் நின்றாள். தங்கையின் முகமூடியும், முதுகும், ஒரு புள்ளி வெளிச்சமும் மட்டும் தெரிந்தன. அந்தப் புள்ளி நகர்கிறதா என்றே தெரியாத வேகத்தில் நகர்ந்தது.

எக்ஸ்ரே முடிவு மறுநாள் வந்தது. குமிழி இல்லை, ஓட்டை இல்லை. அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். ஒட்டு தேறினால், அதைப் போட்டவர் பக்கத்திலேயே வெள்ளை மையால் முழுப் பெயரை எழுத வேண்டும். நாளைக்குக் கசிந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா? சின்னவள் அதுவரை செய்த கேட்டுகளில் பட்டறைக்காரர் பெயர்தான் இருந்தது. தேர்வுத் தகடுகளில் வெறும் எண். பேனாவை வாங்கியவள் கொஞ்ச நேரம் அதைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாளாம். என்ன எழுதுவதென்று தெரியாதவள்போல நின்றாள் என்று கூட இருந்தவர்கள் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வாரம் ஒரு தளம் உலை ஆரம்பம் என்றது. இன்னொன்று தாமதம் என்றது. ஜெராக்ஸ்காரர் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"உள்ளதைச் சொல்லும்மா. இப்ப உலை இருக்கா, இல்லையா?"

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள் பெரியவள். "அவளுக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க, அடிச்சுச் சொல்றேன்."

எந்தத் தளத்திலும் வராத அந்த ஒன்றை அவரிடம் சொன்னாள். சின்னவள் தான் ஒட்டிய எஃகின் மேல் முதல்முறையாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள், 2024 மார்ச் 6.