வட்டமாக வைத்த கைநாட்டு

சமதர்மம் பேசித் திரிந்த காலத்தில் நான் கடல் தாண்டி வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே பதிவேடு எழுதும் கிராணி. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த கூலி லயம் முழுவதற்கும் ஒரே தண்ணீர்க் குழாய். இன்னொன்று கேட்டுத் துரைக்கு மனு எழுதித் தரச் சொன்னார், தண்டவாள வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “துரைகிட்ட கையேந்துறதாண்ணே? துரையே இல்லாம ஆக்கணும்!”

“ஆக்கு தம்பி, நானும் வரேன். அதுவரைக்கும் பிள்ளைங்க எதைக் குடிக்கும்?”

மனுவை எழுதிக் கொடுத்தேன். முதல் ஆள் யாரென்று தெரியக்கூடாது என்று எல்லோரும் வட்டமாகக் கைநாட்டு வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று நானும் பெருவிரலையே பதித்தேன்.

மறுவாரம் துரை கூப்பிட்டனுப்பினார். மேசையில் அந்த மனு. பக்கத்தில், நான் தினமும் எழுதும் வண்டிப் பதிவேடு. லயத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதை எங்களில் ஒருவருமே யோசிக்கவில்லை. துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்குக் கப்பலேற்றிவிடுவாரோ என்று பயந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எத்தனையோ வருடம் புரட்சி பேசியிருக்கிறேன். ஒருநாளும் இப்படி வியர்த்ததில்லை. அதுவரை துரையின் காதில் விழும்படி நான் எதையுமே கேட்டதில்லை.