பாதி விலைக்கு நான் வாங்கிய வேலை

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டிலிருந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போன வாரம். திருவொற்றியூரில் அம்மா மீன் விற்கும் வரிசையில் நான் ஒரு சண்டை போட்டேன். அதை முதலில் சொன்னால்தான் மற்றது புரியும்.

அந்த வரிசையில் ஏழு பெண்கள். விடியற்காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து வருவார்கள். திரும்பி வருகிற வழியிலேயே, இன்றைக்கு சங்கரா ஒரு கூறு இவ்வளவு, நெத்திலி இவ்வளவு என்று பேசி முடித்துவிடுவார்கள். மத்தியானம் வரைக்கும் யாரும் அதற்குக் கீழே விற்கக் கூடாது. அதற்கப்புறம் அவரவர் பாடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

அன்று நான் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பெண் அன்னக்கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூறுக்கு முப்பது ரூபாய் குறைத்துக் கூவிக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளிடம்தான். அம்மா தன் பாட்டுக்கு மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இன்னாக்கா, நீ ஒருத்தி பொழைக்க இத்தினி பேரு வயித்துல அடிக்கிறியே, நல்லாவா கீது?"

"எனுக்கு யாரும் சொல்லலம்மா. கொயந்தய பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்துகீறேன். சீக்கிரம் வித்துட்டுப் போலாம்னுதான்..."

அவளை முடிக்க விடவில்லை. பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வரிசையிலிருந்த பெண்கள் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். விம்கோ நகர் வீட்டுக்கு வரும் வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது எனக்கு வேலை இல்லை. ராயபுரத்தில் கன்டெய்னர்களுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் ஆபீஸ் ஒன்றில் இருந்தேன். ஆளைக் குறைத்தபோது முதலில் என்னைத்தான் அனுப்பினார்கள். ஆறு மாதமாக அம்மாவின் கூடைதான் வீட்டை ஓட்டியது. தவணையில் ஒரு லேப்டாப் வாங்கி, வெளிநாட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஆள் தேடுகிற ஒரு தளத்தில் தினமும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நாய், பூனைகளுக்கான சாமான்களை ஆன்லைனில் விற்கும் ஒருவர் உதவியாளர் தேடினார். வாடிக்கையாளர்களின் மெயிலுக்குப் பதில் எழுத வேண்டும், ஆர்டர்களைக் கவனிக்க வேண்டும். இதே வேலைக்கு அதுவரை என்ன கொடுத்து வந்தார் என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்தது. பிலிப்பைன்ஸில் ஒரு பெண்ணுக்கு மணிக்கு ஆறு டாலர். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் நான் மூன்று என்று போட்டேன். ஐந்து போட்டிருக்கலாம். யாரும் என்னை முந்திவிடக் கூடாது என்ற பயத்தில் ஒரேயடியாகப் பாதியாக்கினேன்.

மறுநாளே கூப்பிட்டார். பழைய ஆள் விலகிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: அவள் இன்னும் இருக்கிறாள், ஒரு வாரம் உனக்குக் கற்றுக்கொடுப்பாள், பிறகு அவளை நிறுத்திவிடுவேன். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மீன் வரிசையில் அவ்வளவு நீண்ட வாய், தேங்க்யூ சார் என்பதோடு மூடிக்கொண்டது.

அவருடைய நேரப்படி எனக்கு வேலை விடிகாலை ஐந்து மணிக்கு. அம்மா காசிமேட்டுக்குக் கிளம்புவதும் நான் லேப்டாப் முன் உட்காருவதும் ஒரே சமயம். திரையில் அந்தப் பிலிப்பைன்ஸ் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பின்னால் எங்கேயோ ஒரு சேவல் விடாமல் கூவும். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். சிரித்தார்.

அவர் கற்றுக்கொடுத்த மாதிரி எனக்கு எந்த ஆபீஸிலும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கண் தெரியாத நாய் ஒன்றை வளர்க்கும் பாட்டி முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே மெயில் எழுதுவார், அது கோபம் இல்லை, பயந்துவிடாதே என்றார். வெள்ளிக்கிழமை வரும் புகாருக்கு அன்றைக்கே பதில் போட்டுவிடு, திங்கள்வரை வைத்தால் பெரிதாகிவிடும் என்றார். அவர் ஊரிலும் புயல் வந்தால் கரண்ட் போய்விடுமாம். ஒருமுறை பஸ் நிலையத்துக் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தாராம். மூன்று வருடம் சேர்த்துவைத்த குறிப்புகளை எல்லாம் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

சம்பளத்தைப் பற்றியும் சொன்னார். முதல் நாள் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசி நாள் ஒருமுறை. "ஆறுக்குக் கீழே போகாதே. மூன்றில் ஆரம்பித்து ஆறுக்கு வர எனக்கு மூன்று வருடம் ஆனது." மூன்று முறையும் நான் கேமராவைப் பார்த்துத் தலையாட்டினேன். சரிக்கா என்றேன்.

எனக்கு வேலை கிடைத்ததில் அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். தான் ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துவராத வஞ்சிரத்தை அந்த வாரக் கடைசியில் எடுத்து வந்து வறுத்தார். எனக்குப் போட்டுக்கொண்டே கேட்டார்: "முன்னாடி அந்த வேலைல இருந்த பொண்ணு இன்னா ஆச்சு? கண்ணாலமா?"

"ஆமாம்மா, கண்ணாலந்தான்" என்றேன்.

அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். மணலி ஆலைங்க பக்கமிருந்து காற்று நாறுது, அதான் சாப்பிட முடியவில்லை என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

முதல் மாதச் சம்பளம் வந்த அன்று தாங்க முடியாமல் அக்காவுக்கு எழுதினேன். நான் மூன்று டாலர் கேட்டுத்தான் வந்தேன், உங்கள் வேலை போனதற்கு நான்தான் காரணம், இந்த மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்புகிறேன், மறுக்காதீர்கள் என்று.

பதில் அன்று மாலையே வந்தது. எனக்கு மனப்பாடம்.

"தெரியும். உன் விலையை அவர் எனக்கு அனுப்பி, இதற்கு நான் ஒத்துக்கொண்டால் என்னையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முடியாது என்றேன். உன்னை முதலில் திரையில் பார்த்த அன்று, பேசி முடித்த பிறகு அழுதேன். பணம் எனக்கு வேண்டாம். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, கிடைக்கும். நீ அவரிடம் ஆறு கேள்."

தெரிந்தே கற்றுக்கொடுத்திருக்கிறார். தெரிந்தேதான் அந்த எண்ணை மூன்று முறை சொல்லியிருக்கிறார். நானோ, இந்த அக்கா பாவம், ஒன்றும் அறியாதவர் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாத வீட்டில் லேப்டாப்பை மூடிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்குப் பிறகு நான் வீராங்கனை ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அந்த ஆஸ்திரேலியாக்காரரிடம் ஆறு கேட்டேன். இரண்டு டாலருக்கு வரப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார். சும்மாதான் கேட்டேன் சார் என்று பின்வாங்கினேன். இன்னும் ஐந்து மாதம் அந்த மூன்று டாலருக்கே வேலை பார்த்தேன். அதை அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் அனுப்பிய நலம் விசாரிப்புக்கும் பதில் போடவில்லை. அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஆறாவது மாதம் வேறு ஒருவருக்கு விண்ணப்பம் போட்டபோது ஆறு என்று எழுதினேன். கிடைக்கவில்லை. அடுத்த இரண்டும் இல்லை. நான்காவது இடத்தில் கிடைத்தது. வேலை உறுதியான மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய், வரிசையின் கடைசியில் அந்தக் கூடைக்காரப் பெண் இருக்கிறாளா என்று பார்த்தேன். அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கி நீ கூவுனியே, அத்தோட போனவதான். அப்பால வரவேல்ல" என்றார் அம்மா, மீனுக்குச் செதில் எடுத்தபடியே.

இப்போது எங்கள் தெருப் பெண்கள் யாராவது இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு கேட்கலாம் என்று என்னிடம் வந்தால், அக்கா சொன்ன எண்ணைச் சொல்கிறேன். எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவளிடமாவது வரிசையின் விலையை யாரும் சொல்லியிருக்கவில்லை, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.