செல்லோ நுழையும் இடம்

அந்தத் தாளை எழுதியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. ஒரு மேற்கத்திய இசையை எப்படிக் கேட்க வேண்டும் என்று பாளையங்கோட்டை ஜனங்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்று கிளம்பி, இரண்டு பக்கம் எழுதி, பிரதி எடுத்து, நாற்காலிக்கு ஒன்றாக என் கையாலேயே வைத்தேன். அதில் ஒன்று இன்னும் சமையலறை அலமாரியில் கிடக்கிறது. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துப் படிக்கவும் துணிச்சல் இல்லை.

என் கணவர் செல்லோ வாசிப்பவர். வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒரு வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிக்க வேண்டும். இவர் பிறந்தது உவரியில், மீன்பிடிக் குடும்பத்தில். படிக்கப் போன பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய செல்லோ இருந்ததாம். அதைத் தூக்கும் அளவுக்கு வளர்த்தி இவருக்கு மட்டும்தான் இருந்ததாம். அப்படி ஒட்டிக்கொண்டது, துறைமுக ஆபீஸ் வேலையிலும் விடவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர், பல் டாக்டர் அம்மா ஒருவர், தபால் ஆபீஸ்காரர் ஒருவர், இவர் என்று நான்கு பேர் சேர்ந்தார்கள். இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் முன்னறையில் ஒரே ஒரு இசையை இரண்டு வருஷம் பழகினார்கள்.

நான் சைவ வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் கச்சேரி கேட்பது என்றால் தொடையில் தாளம் போடுவது, "பேஷ்" என்பது, நடுவில் எழுந்து போய்க் காப்பி குடிப்பது. எங்கள் கல்யாணத்துக்கு நடந்த சண்டையை எழுதினால் அது தனிக் கதை. இவருடைய இசை எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. பிடிபட்டதும் அவரைவிட நான் கறாராகிவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் அப்படித்தான். போதாக்குறைக்கு முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொன்னவள் நான்.

அந்த இசையில் மூன்றாவது பகுதி மெதுவானது. அதன் கடைசியில் நான்கு பேரும் சட்டென்று நின்றுவிடுவார்கள். சத்தமே இருக்காது. முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் முடியவில்லை. அந்த மௌனத்துக்குள்ளிருந்து செல்லோ மட்டும் தனியாகக் கிளம்பும், மிகவும் தாழ்ந்த குரலில். மற்ற மூன்று பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பார்கள். எப்போது தொடங்குவது என்பது செல்லோக்காரர் இஷ்டம்.

முதல் தடவை ஊரில் வாசித்தபோது ஜனங்கள் சரியாக அந்த இடத்தில் கை தட்டிவிட்டார்கள். இரண்டு பேர் எழுந்து செருப்பு மாட்டினார்கள். ஒருவர் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார். இவர் வாசித்தது இவர் காதுக்கே கேட்டிருக்காது. வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

"அந்த ஒரு இடத்துக்காகத்தாம்ளா ரெண்டு வருசமா கெடந்து ஒழைச்சேன். அதுல போயி கை தட்டிட்டானுவளே" என்றார். அழுகிற குரல்தான். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை ஒரு பயல் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டினேன். அப்படிப் பிறந்ததுதான் அந்தத் தாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வாத்தியத்தையும் ஒரே வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் நான்கு பேராகக் கேளுங்கள் என்று எழுதினேன். முதல் வயலின் பேசும்போது மற்ற மூவர் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று கவனியுங்கள் என்றேன். இரண்டாம் பகுதியில் வயோலாவும் செல்லோவும் சேரும் இடத்தைச் சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழுவதோடு ஒப்பிட்டேன். கொஞ்ச தூரம் இரண்டு தண்ணீரும் தனித்தனி நிறமாகத் தெரியும், பிறகு தெரியாது. கடைசியில் அந்த மௌனத்துக்கு வந்தேன். அதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன்:

"இங்கே நால்வரும் நிறுத்துவார்கள். இசை முடியவில்லை. கை தட்டாதீர்கள், இருமாதீர்கள், எழுந்திருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள். செல்லோ தனியாக நுழையும். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். மௌனம் நீள நீள வாசிப்பவர் தேர்ந்தவர் என்று அர்த்தம்."

அந்தக் கடைசி வரியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அழகாக இருக்கிறதே என்று நானாகச் சேர்த்தேன்.

கச்சேரி அன்று காலையில் இவர் காப்பி டம்ளரைக் கீழே போட்டார். இடது கை.

"கை மரத்தாப்பல இருக்குளா" என்றார்.

"ராத்திரி பகலா அந்தக் கம்பியைப் போட்டு அமுக்கினா மரக்காம என்ன செய்யும்? இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க, நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றேன். தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன், சரியாகிவிட்டது என்றார்.

சாயங்காலம் உவரியிலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, வந்தார். வெளியூர்ச் சந்தைகளுக்கு மீன் கொண்டுபோய் விற்றே பிள்ளைகளைக் கரையேற்றிய மனுஷி. மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தேன். தாளைக் கையில் கொடுத்தேன்.

"எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? நான் என் தம்பியப் பாக்க வந்தேன்" என்று சொல்லி அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டார். அதற்கும் நான் முறைத்தேன். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னதே நான்தானே. கதவையும் சாத்தச் சொல்லியிருந்தேன்.

முதல் பகுதி முடிந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இரண்டாவதும் அப்படியே. என்ன இருந்தாலும் நம் ஊர் ஜனங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது தொடங்கியது. வேர்த்துக் கொட்டுகிறது, ஒரு ஆள் அசையவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்கிறார்கள். அந்த இடம் வந்தது. நால்வரும் நிறுத்தினார்கள்.

மௌனம்.

கணக்கு வாத்தியார் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி இவரைப் பார்க்கிறார். மற்ற இரண்டு பேரும் பார்க்கிறார்கள். இவர் தலையைக் கவிழ்த்திருந்தார். வலது கையில் வில் கம்பிமேல் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு நீளமாக இவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அடேயப்பா, என்ன துணிச்சல் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆமாம், சிலிர்த்தது. அதை நினைத்தால் இப்போது என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பக்கத்தில் மதினி அசைந்தார். "ஏ தம்பி" என்றார், மெதுவாகத்தான். பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "ஏட்டி, அவன் கையப் பாரு."

நான் கண்ணைத் திறக்காமலேயே விரலை வாயில் வைத்து "ஷ்" என்றேன்.

"கை தொங்குதுட்டி, பாரு" என்றார் மறுபடி. நான் இன்னும் பலமாக "ஷ்ஷ்" என்றேன். முன்வரிசையிலிருந்து யாரோ திரும்பி அவரை முறைத்தார்கள். பின்னால் இருந்தும் ஒரு "ஷ்" வந்தது. ஒரு அரங்கமே சேர்ந்து அந்த மனுஷியை அடக்கியது.

அவர் அடங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் காலை மிதித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் மேடைக்கு ஓடினார். நான் அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். எனக்கு வந்தது கோபம். பட்டிக்காட்டுத்தனம் பண்ணிக் கெடுத்துவிட்டாரே என்று பல்லைக் கடித்தேன். அவர் போய்ச் சேர்வதற்குள் செல்லோ சரிந்தது. இவர் அதோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்தார். மதினி இரண்டு கையாலும் தம்பியைத் தாங்கிக்கொண்டு, "எல்லாரும் பொணம் மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கியளே, பாவியளா!" என்று அலறினார்.

அப்போதும் இரண்டு மூன்று பேர் தாளைக் குனிந்து பார்த்தார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

வாயின் இடது ஓரம் கோணியிருந்தது. இடது கை துணி மாதிரி தொங்கியது. பல் டாக்டர் அம்மாதான் பார்த்த மாத்திரத்தில், மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துவிட்டது, உடனே தூக்குங்கள் என்றார். கதவைத் திறக்க வேண்டியிருந்தது. நான் சாத்தச் சொன்ன கதவு. யார் காரில் ஏறினேன், எந்த வழியாகப் போனோம் என்று எதுவும் எனக்கு நினைவில்லை. கையில் அந்தத் தாளைக் கசக்கிப் பிடித்திருந்ததை ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் விரலைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்.

உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குழறலாகத் திரும்பி வந்தது. காலும் வந்தது. இடது கை வரவில்லை. செல்லோவில் கம்பியை அமுக்குவது இடது கைதான். நான் டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் எதுவும் மாறியிருக்காது அம்மா, நீங்கள் காலையிலேயே வந்திருந்தால் வேறு என்றார். ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார். காலையில் விழுந்த டம்ளர் அன்றிலிருந்து என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

மதினி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கச்சேரியை யாரோ செல்போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். மாதக்கணக்காக அதைத் தொடவில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் இவர் தூங்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். நான்கு பேர் பேசினார்கள். ஆறு வந்து ஆற்றில் விழுந்தது. அந்த இடம் வந்தது. நின்றது.

மௌனம் என்று நான் எழுதியிருந்தேன். அங்கே மௌனம் இல்லை. நாற்காலி கிறீச்சிடுகிறது, வெளியே பஸ் ஹார்ன் கேட்கிறது, மதினியின் "ஏ தம்பி" கேட்கிறது. அதற்கு முன்னால் இன்னொன்று. மிகவும் தாழ்ந்த குரல், குழறலாக. வில் உரசும் சத்தம் என்று முதலில் நினைத்தேன். திருப்பிப் போட்டேன். மறுபடி திருப்பிப் போட்டேன். அது வில் இல்லை. "ஏளா" என்று ஒரு குரல். நாற்பது வருஷமாக என்னைக் கூப்பிடும் குரல். இரண்டு வருஷம் அவருடைய செல்லோவில் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் கேட்கப் பழகின எனக்கு அது கேட்கவில்லை. வாசிக்கத் தெரியாத மதினிக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு என் "ஷ்" தெளிவாகக் கேட்கிறது. இரண்டு தடவை.

இவர் தூங்கி எழுந்ததும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு மேடையில என்னைக் கூப்பிட்டியளா?"

வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா. ஒரு தடவை கூப்ட்டேன்" என்றார். "நீதான் ஷ்ஷுன்னியே. சரி, சத்தம் போடக் கூடாது போலன்னு பேசாம இருந்துட்டேன்."