குதிரைக் கஞ்சி

பீங்கான் பூச்சு உதிர்ந்து, விளிம்பில் கறுப்புப் புள்ளி விழுந்த ஒரு தகரக் கோப்பை. அதில் கஞ்சியை ஊற்றினால் காதைப் பிடிக்க முடியாது, அது எப்போதோ உடைந்து போயிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத்தான் ஏந்த வேண்டும். சூடு முதலில் சுடும், பிறகு விரல்களுக்குள் இறங்கும், அதன் பிறகுதான் வாய்க்குப் போகும். லுணுகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், பனி கலையாத காலைகளில், அந்தக் கோப்பையோடு நான் ஒரு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பதுளைக் கடைகளில் ஓட்ஸ் அழகான பெட்டிகளில் கிடைக்கிறது. டாக்டர் சொன்னார் என்று என் மருமகளும் தினமும் காய்ச்சித் தருகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வாய் உள்ளே போகும்போதெல்லாம் அந்தத் தோட்டத்து ஆயம்மாவின் நினைவு வந்துவிடுகிறது.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே இடத்தில் இரண்டு தீபாவளி கொண்டாடியதில்லை. ஹல்துமுல்லையில் ஒரு தங்குமிடத்தில் சட்டி கழுவினேன். பசறையில் ஒரு பேக்கரிக்கு விறகு பிளந்தேன். பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் மூன்று மாதம் மூட்டை தூக்கினேன். போன இடத்திலெல்லாம் எனக்குச் சம்பளத்தைவிடக் காலைக் கஞ்சிதான் முக்கியம். பிபிலைப் பக்கம் காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனைக்காரர் வீட்டில் கேழ்வரகைக் காய்ச்சிய குரக்கன் கஞ்சி குடித்திருக்கிறேன், கறுப்பாக, கெட்டியாக, மதியம் வரை பசியை அண்ட விடாது. சிங்களக் கிராமங்களில் பச்சை இலையை அரைத்துச் சேர்த்த அரிசிக் கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி. நானாவின் வீட்டு நோன்புக் கஞ்சி எல்லாவற்றையும்விட ருசி, ஆனால் அது மாலையில் வருவது, காலைக் கணக்கில் சேராது. இப்படி ஊர் ஊராகக் கஞ்சி குடித்தவன் என்ற கர்வத்தோடுதான் எழுபதுகளின் நடுவில் அந்தத் தோட்டத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன்.

அது வயிறு ஒட்டிய காலம். அரிசி கூப்பனுக்கு அளந்துதான் வரும், மாவுக்கு வரிசை, சீனி கண்ணிலேயே படாது. மலையில் வேலை நாட்களையும் குறைத்திருந்தார்கள். எனக்குத் தங்க இடம் கொடுத்தது பிள்ளைக்காம்பராவின் விறகுக் கொட்டகை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம்தான் பிள்ளைக்காம்பரா. அதைப் பார்த்துக்கொண்டவரைத் தோட்டமே ஆயம்மா என்று கூப்பிட்டது. நான் மட்டும் சின்னம்மா என்றேன். போன முதல் நாளே, காலில் சுண்ணாம்போடு உள்ளே வந்ததற்கு, பெற்ற தாயின் தங்கை திட்டுவதுபோலத் திட்டினார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஒல்லியான உடம்பு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். காலையில் ஒவ்வொரு குழந்தையையும் வாங்கும்போது கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளையமாக்கி அதன் மேல்கையைச் சுற்றிப் பார்ப்பார். வளையத்தில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது அவருக்குத் தினமும் தெரிய வேண்டும். பாலில்லாத தேநீரான வெறும் சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு வந்த குழந்தைகள் பத்து மணிக்கே விளையாட்டை விட்டுச் சுவர் ஓரமாகப் படுத்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் இரண்டு குழந்தைகள் அவர் மடியிலேயே கண்ணை மூடின என்று கணக்கப்பிள்ளை சொன்னார்.

அப்போதுதான் லொறியில் நான்கு மூட்டைகள் வந்து இறங்கின. வெளிநாட்டு உதவி என்றார் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிஸ்பென்சர் ஐயா. மூட்டை மேல் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்து, ஓட்ஸ் என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரம் குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டால் மாதாமாதம் வரும், சாப்பிடாவிட்டால் சனிக்கிழமை லொறி வந்து மூட்டைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏற்றிப் போகும் என்றார் ஐயா. சின்னம்மா கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தார். "தவிடாட்டம் இருக்கே! எப்பிடிக் காச்சுறது?" என்று கேட்டார். ஹல்துமுல்லையில் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்குக் காய்ச்சியதைச் சட்டி கழுவியவனாக நான் பார்த்திருக்கிறேன். எனக்கா தெரியாது? தண்ணீரில் போட்டு நன்றாகக் கிண்டிக் கொதிக்க விட வேண்டும் என்றேன். அங்கே பாலும் சீனியும் சேர்த்ததைச் சொல்லவில்லை, இரண்டும்தான் இல்லையே. விளைவு, சுவரில் போஸ்டர் ஒட்டும் பசை. உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. முதல் குழந்தை துப்பியது, மற்றவை வாயைத் திறக்கவேயில்லை. சின்னம்மா அகப்பையோடு என் பக்கம் திரும்பினார். "நீ அங்க சட்டி கழுவுனியா, இல்ல சட்டிய மட்டும் பாத்துட்டு வந்தியா?"

அந்தப் பசையோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலை தோட்டத்துத் தலைவரின் அப்பா அந்தப் பக்கமாக வந்தார். தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர், முப்பத்தைந்து வயதுக்காரர், எந்தத் துரைக்கும் குனியாதவர். அவருடைய அப்பா பழைய வெள்ளைக்காரத் துரையிடம் குதிரைக்காரராக இருந்தவர். கிழவர் மூட்டையில் கைவிட்டு, முகர்ந்து, ஒரு சிட்டிகையைத் தேய்த்துப் பார்த்தார். "இது தொரையோட குதிர தின்னதுதானே! அப்ப முழுசா, உமியோட வரும். இப்ப நசுக்கி அனுப்பிருக்கான்" என்றார். விடிவதற்குள் அது எல்லா லயங்களுக்கும் தெரிந்துவிட்டது. காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், தலைவர் நின்று சொன்னார். "பட்டினி கெடப்போம். குதிரத் தீனிய எங்க புள்ளைங்க தின்னாது." அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. அந்த மனிதர்களிடம் அன்று மிச்சமிருந்தது மானம் ஒன்றுதான். தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து, "ஆயம்மா, எம் புள்ளைக்கு அத மட்டும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சின்னம்மா நினைத்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டியிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். "தாய் வேணாம்ன சோத்த நான் ஊட்ட மாட்டேன்டா" என்றார். மறுநாள் காலையில் அவர் ஓட்ஸைத் தன் வழிக்குக் கொண்டுவந்தார். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, பக்கத்துத் தோட்டத்தில் கெஞ்சி வாங்கிய அரை மூடித் தேங்காய். தண்ணீர் கொதித்த பிறகுதான் வறுத்ததைக் கொட்டினார், இரண்டே கிண்டு, இறக்கிவிட்டார். பிறகு அந்த உடைந்த காதுக் கோப்பை நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினார். "போய் வாசப்படில ஒக்காந்து தின்னு. உள்ள ஒக்காராத."

பெரட்டுக்களத்துக்குப் போகிற வழி பிள்ளைக்காம்பராவின் முன்னால்தான். நான் படியில் உட்கார்ந்து, தோட்டம் முழுவதும் பார்க்க, ஊதி ஊதிக் குடித்தேன். அதுவரை குடித்த எந்தக் கஞ்சியும் அதற்கு ஈடாகாது. ஆட்கள் சும்மா போகவில்லை. "என்னா குதிர, கொள்ளு இல்லியா இன்னிக்கி?" "லாடம் அடிச்சிட்டாங்களா தம்பி?" கொழுந்துக்காரி ஒருத்தி என் முதுகில் கூடையை வைப்பதுபோலப் பாவனை செய்தாள். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு முறை தலையைச் சிலுப்பிக் கனைத்தும் காட்டினேன். குழந்தைகள்தான் அதில் விழுந்தன. அன்றிலிருந்து ஒவ்வொன்றாக என் முதுகில் ஏறிச் சவாரி, பிறகு என் கோப்பையில் ஒரு கண். "எனக்கும் குதிரக் கஞ்சி" என்று ஒன்று அழ ஆரம்பித்தது. சின்னம்மா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். குழந்தை கேட்டும் ஊட்ட முடியாத அவர் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. மூட்டை அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்து, நாளைக் காலை லொறி வரும் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை கொழுந்து நிறுத்து முடிந்து தாய்மார் குழந்தைகளை எடுக்க வந்தபோது சின்னம்மா கதவுக்குக் குறுக்கே நின்றார். தலைவரையும் வரச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் தன் அப்பாவைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். முப்பது பெண்கள், முதுகில் ஈரச் சாக்கோடு.

"நாளைக்கி மூட்ட போயிரும்" என்றார் சின்னம்மா. "போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி கேட்டுக்கிறேன். நாந் தின்னேன், இந்தத் தடியன் தின்னான். ஒண்ணும் ஆகல."

"ஆகுறதில்ல பேச்சு, ஆயம்மா" என்றார் தலைவர். "அவன் குதிரைக்கிப் போட்டத நாம கையேந்தி வாங்குறதா? அப்பா, நீங்களே சொல்லுங்க, இது என்னா சாமான்?"

கிழவர் தொண்டையைக் கனைத்தார். சாட்சி சொல்லும் பெருமை அவருக்கு. "குதிரத் தீனியேதான். மனுசன் தின்ன ஏலாது. தொண்டயில ஒட்டும். ராவெல்லாம் பச்சத் தண்ணில ஊறுனாத்தான் பல்லுக்கு அடங்கும். மென்னு மென்னு இருந்தா கடசீல லேசா ஒரு இனிப்புத் தட்டும், அவ்வளவுதான்."

சின்னம்மா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். "ஏன் மாமா, கடசீல இனிப்புத் தட்டுதுன்னு அந்தக் குதிர ஒங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். தலைவர்கூடச் சிரிக்கத் தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினார்.

"ஜப்பான்காரன் குண்டு போட்ட சண்டக் காலம்" என்றார், யாரையும் பார்க்காமல். "அரிசிக் கப்பலே வரல. எனக்கு அஞ்சு புள்ள, மூணு போயிருச்சு. குதிரைக்கி மட்டும் மூட்ட வந்துக்கிட்டே இருந்திச்சு. நான் தெனமும் மடியில ஒரு பிடி எடுத்துட்டு வருவேன். கல்லுல தட்டி உமிய ஊதிட்டு, ஊறப்போட்டுக் குடுப்பா புள்ளைங்க ஆத்தா. அடுப்புல வச்சா வாசம் லயத்துக்கெல்லாம் போயிரும்னு பயம். மிச்சம் ரெண்ட அதுதான் உசுரோட நிறுத்திச்சு." சுருட்டிய துண்டால் மகனைக் காட்டினார். "இந்தா நிக்கிறான்ல, அதுல வளந்தவந்தான். குதிரதான் பாவம், எளச்சுப் போச்சு. தொர பதுளையிலேருந்து மிருக வைத்தியர வரவச்சாரு. அவரு பாத்துட்டு, பூச்சின்னு சொல்லி, அதுக்குப் பேதி மருந்து குடுத்துட்டுப் போனாரு."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் எதற்காகத் துடைத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தலைவர் சிரிக்கவில்லை. தன் கைகளையே, முழங்கை வரை, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க ஏன்ப்பா ஒரு நாளும் சொல்லல?" என்று கேட்டார். "சொன்னா நீ தொரைமாருகிட்ட நிமிந்து பேசுவியா?" என்றார் கிழவர். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள். தலைவரும் பின்னால் போனார். அன்று சின்னம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கிழவரை ஊர் நடுவில் வைத்து உரித்துவிட்டோமே என்று முனகிக்கொண்டே வெங்காயம் உரித்தார். முப்பது குழந்தைகளுக்கு ஆகிற வெங்காயம். "வராட்டி?" என்றேன். "வராட்டி நீ தின்னு" என்றார்.

சனிக்கிழமை லொறி பனிக்குள்ளிருந்து முனகிக்கொண்டு வந்து நின்றபோது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி, மூட்டை எங்கே என்று கேட்டார். சின்னம்மா பாதையைப் பார்த்தபடியே, "பொறுங்க" என்றார். முதலில் வந்தது தலைவர்தான். தோளில் அவருடைய கடைசி மகள், மூன்று வயது. இறக்கிவிட்டு, "உப்புக் கூடிறாமப் பாத்துக்குங்க" என்றார், ஏதோ ஒவ்வொரு நாளும் சொல்கிறவர்போல. அவர் பின்னால் பாதை முழுவதும் பெண்கள், ஒவ்வொருத்தி கையிலும் குழந்தைக்கு ஒரு கோப்பை. சின்னம்மா வழக்கம்போல ஒவ்வொரு மேல்கையையும் விரல் வளையத்தால் சுற்றிப் பார்த்து உள்ளே விட்டார். ஒரு அரை மணி நேரம் அந்தக் கட்டடத்தில் உறிஞ்சும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. டிரைவருக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அவர் வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் மலைக்குப் போன பிறகுதான் கிழவர் வந்தார். கையில் ஒரு சிரட்டை. வேலியோரம் நின்றவரைச் சின்னம்மாவே போய்க் கூட்டி வந்து, பலகையில் உட்காரவைத்து ஊற்றினார். "ஆத்திக் குடிங்க மாமா, நாக்கு வெந்துறப் போவுது." கிழவர் ஆற்றவில்லை. ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் விழுங்காமல் வைத்திருந்தார். ஆவியில் அவருடைய நரைத்த மீசை நனைந்தது.

"எத்தனையோ நாள் தின்னுருக்கேன் தாயி" என்றார். "எல்லாம் பச்சத் தண்ணில ஊறுனது. சூடா இருந்தா இது இப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

தலைவர் மலைக்குப் போகாமல் கதவோரம்தான் நின்றிருந்தார் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர் உள்ளே வந்து, அப்பாவின் கையிலிருந்த சிரட்டையை வாங்கிச் சின்னம்மாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க ஆயம்மா" என்றார். "அடியிலேருந்து அள்ளி ஊத்துங்க. அங்கதான் நல்லா சூடா இருக்கும்."