சிவக்காமல் உருகுவது

வவுனியாவில் அலுமினியம் உருக்கும் ஒரு கொட்டிலில் எட்டு மாதம் வேலை செய்தேன். அதற்கு முன் மல்லாவியில் செங்கல் அரிந்தேன், பளையில் தேங்காய் உரித்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் நின்றதில்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி.

கொட்டிலின் தகரச் சுவரில், எது எத்தனை பாகைச் சூட்டில் உருகும் என்று யாரோ பெயின்ற்றால் எழுதிவைத்திருந்தார்கள்: ஈயம் 327, அலுமினியம் 660, செம்பு 1085, இரும்பு 1538. வெளியூர்க்காரர் யாராவது வந்தால் அதை நான்தான் வாசித்துக் காட்டுவேன், ஏதோ நானே கண்டுபிடித்தவன்போல. சுவரில் எழுதாத ஒன்றும் இருந்தது. இரும்பு உருகுவதற்கு முன் சிவக்கும், பிறகு மஞ்சளாகும். பார்த்து விலகலாம். அலுமினியம் பகல் வெளிச்சத்தில் நிறமே மாறாது. இருந்தபடியே இருந்துவிட்டு, திடீரென்று குழைந்து விழும்.

எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பானை சட்டிகளை இரவல் கொடுப்பார்கள். மாறிப்போகாமல் இருக்க, விளிம்புக்குக் கீழே ஆணியால் பெயரெழுத்தைக் குத்திவைப்பார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எங்கள் பெரிய அலுமினியப் பானையில் ஆறு புள்ளிகளை வரிசையாகக் குத்தினார். ஆறாவதைக் குத்தும்போது ஆணி சறுக்கி, சிறு கோடாக இழுபட்டது. சண்டையில் இடம்பெயர்ந்த நாளில் அந்தப் பானையைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்து கிடந்தது. அம்மா பிறகு காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஒருநாள் மத்தியானம், பழைய சாமான் சேர்க்கிற ஐயா சைக்கிளில் ஒரு சாக்கு கொண்டுவந்தார். அதற்குள் நசுங்கிய பெரிய பானை ஒன்று. வெளிப்புறம் முழுவதும் களிமண் இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. மூன்றாவதையும் கண்டதும் இன்னும் அழுத்திச் சுரண்டினேன். அதற்கு மேல் மண் விடவில்லை.

உருகிய உலோகத்தில் ஈரம் பட்டால் வெடித்துச் சிதறும். அதனால் எதையும் முதலில் உலை வாயருகே செங்கல்லில் வைத்துக் காயவிடுவோம். காய்ந்தால் மண் தானாகக் கழன்றுவிடும். பானையையும் கைப்பழக்கத்தில் அங்கே வைத்துவிட்டு, ஐயாவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயா, அந்தப் பானை எங்க எடுத்தனீங்கள்?”

“ஆருக்குத் தெரியும்? பத்து ஊர்ச் சாமான் ஒரு சாக்குக்க கிடக்கு.”

“கிணறு இறைச்ச வீடு ஏதும் ஞாபகம் இருக்கோ?”

“இந்த வருசம் எல்லாரும்தான் கிணறு இறைக்கினம். என்ன, பொலிஸ்காரன்மாதிரிக் கேக்கிறாய்? களவெண்டு நினைக்கிறியோ?”

“சீச்சீ. அப்பிடி இல்லை ஐயா. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ.”

அவர் உண்மையாகவே யோசித்தார். முழங்காவில் பக்கம் ஒரு வீடு என்றார். பிறகு, இல்லை, அங்கே எடுத்தது வாளி என்றார். நான் விடாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

“டேய், உன்ர பானை!” என்று உலையைப் பார்க்கிற அண்ணை கத்தினார்.

ஓடிப்போனேன். மண் கழன்று விழுந்திருந்தது. பானை சிவக்கவில்லை, புகையவில்லை. உலைப்பக்கம் இருந்த பாதி மட்டும் ஈரத் துணிபோலத் தொய்ந்துகொண்டிருந்தது. குறட்டால் விளிம்பைப் பிடித்தேன். பிடித்த இடம் மாவாக உதிர்ந்தது. மிச்சம் மடிந்து செங்கல்லோடு ஒட்டிக்கொண்டது. புள்ளிகள் இருந்த பக்கம் எது என்றுகூடத் தெரியவில்லை.

அண்ணை உலைக்குக் காற்றடிக்கும் ஊதியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

“ஆற்ற பானை?”

“அம்மான்ரயா இருக்கும்.”

“வடிவாத் தெரியுமோ?”

“இல்லை. மூண்டு புள்ளிதான் பாத்தனான். ஆறாவதைப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

“மூண்டு புள்ளி ஆற்ற பானையிலயும் இருக்கும். தெரியாமலே அழுறியோடா?”

“தெரியாததுக்குத்தான் அண்ணை.”

அவர் என் கையிலிருந்த குறட்டை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, “இதைத் தனியா உருக்கி ஒரு சின்னத் தாச்சிச் சட்டி ஊத்தித் தாறன், வைச்சிரு” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அலுமினியம் வேண்டியிருக்கவில்லை. சறுக்கிய அந்த ஆணியின் கோடுதான் வேண்டியிருந்தது. அது அம்மாவின் கை. பானை வேறு யாருடையதோதான் என்று தெரிந்திருந்தாலும் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

“வேண்டாம் அண்ணை” என்று சொல்லிவிட்டு, செங்கல்லில் ஒட்டியிருந்ததை அலவாங்குக் கம்பியால் கிளப்பி, மற்றப் பழைய சாமான்களோடு நானே உலைக்குள் போட்டேன்.